நீலக் கார் இன்னொரு சுற்று வருகிறது

...தலைவலி என்று சொல்லலாம், ஆனால் தலைவலி என்று வாயெடுத்தால் போதும், மார்க்கிரட் கைப்பையைத் திறந்து கோடாலித் தைலத்தை எடுத்துவந்து என் நெற்றியில் பூசாமல் விடமாட்டாள், கன்னையா கீழே கேண்டீனுக்கு ஓடி இஞ்சித் தேநீர் வாங்கிவருவான், இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இப்ப எப்படிண்ணே இருக்கு, இப்ப எப்படிண்ணே இருக்கு என்று கேட்டபடியே இருப்பார்கள், கடைசியில் நாலேகாலுக்கு எழும்பிப் போகவேண்டியவன் இருட்டும்வரை நோயாளியாக உட்கார்ந்திருப்பேன். பல்வலி என்றால்? நாளைக்கு எந்தப் பல் என்று கேட்பார்கள், என் வாயில் மிச்சமிருக்கிற சொந்தப் பற்கள் எவை என்று இந்த ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். பேசாமல் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன, என் மனைவி கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள், வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு மோரிப் கடற்கரைக்குப் போகப்போகிறாள் என்று... சீ, அடுத்த வருடம் பென்ஷன் வாங்கப்போகிற சீஃப் கிளார்க் முத்துக்குமாரு பேசுகிற பேச்சா இது, அதுவும் திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் நான் அத்தனை பேசிவிட்ட பிறகு.

அந்தப் பெண் என்றால் உர்சுலா, என் மேசைக்கு நேர் எதிரே, ஜன்னலோரம், பண்டமாரானில் வீடு, அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் பெரிய குறை, கொடுத்த வேலையை மூன்றரைக்குள் முடித்து என் பைல் தட்டில் வைத்துவிடுவாள், எழுத்துப்பிழை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாலேகால் ஆனதும் டைப்ரைட்டருக்கு உறை போட்டு, மேசைக்குக் கீழேயிருந்து பூப்பந்து மட்டையை எடுத்துத் தோளில் மாட்டி, 'பை அங்கிள்' என்று சொல்லிக்கொண்டு போயே போய்விடுவாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நாலேகாலுக்கு எல்லாரும் வரிசையாகப் போய் மெஷினில் கார்டைப் பஞ்ச் செய்வோம், அது அரசாங்கத்துக்கு, பிறகு திரும்பி வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து பைலைத் திறப்போம், அது மரியாதைக்கு. யாருக்கு மரியாதை என்று யாரும் கேட்டதில்லை, கோலாலம்பூரில் பழைய கட்டடத்தில் இருந்தபோதும் இப்படித்தான், ஷா ஆலமுக்கு ஆபீஸ் மாறியபோது மேசை நாற்காலிகளோடு வழக்கமும் லோரியில் ஏறி வந்துவிட்டது. கார்டே இல்லாத காலத்தில் எங்கள் சீஃப் கிளார்க் சிவகுருநாதன் ஐயா குடையை எடுத்தால்தான் மற்றவர்கள் எழும்பலாம், அவர் போன பிறகு அந்த நாற்காலிக்கு நான் வந்தேன், என்னிடம் குடை இல்லை, ஆனாலும் ஒருத்தரும் எனக்கு முன்னால் எழும்பியதில்லை, உர்சுலா வரும்வரை.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் கேட்டேவிட்டேன், வேலை முடிஞ்சுதா இல்லையான்னு கடிகாரமாம்மா சொல்றது, எழும்புறதுக்கு முன்னால நாலு பேரைப் பார்க்க வேணாமா என்று. அவள் பயப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை, மட்டையின் ஜிப்பை மூடிக்கொண்டே, 'அங்கிள், வேலை மிச்சம் இருந்தா குடுங்க, எத்தன மணி ஆனாலும் இருக்கேன். வேலையே இல்லாம இங்க உக்காந்தா யாருக்கு என்ன லா?' என்றாள். யாருக்கு என்ன லா! வாக்கியத்துக்கு வாலாக அந்த மலாய் லா வேறு! கன்னையா குனிந்து பைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான், மார்க்கிரட் சிலுவைக்குறி போட்டாள். நான் ஏதோ சொன்னேன், எங்கள் காலத்தில் என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது, எப்படி முடித்தேன் என்பது ஞாபகம் இல்லை, முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

அதே வாரத்தில் பாருங்கள், அடுத்த நாளே, செவ்வாய்க்கிழமை, சாப்பிட உட்கார்ந்தால் புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரைவிங் லைசென்ஸ். யாருடையது என்று கேட்டேன். படத்தைப் பாருங்கோ என்றாள் இராசேஸ்வரி. பார்த்தேன், இராசேஸ்வரிதான், கண்ணை அகலத் திறந்துகொண்டு, அடுத்த நொடி யாரோ அடிக்க வருகிறமாதிரி. ஐம்பது வயதில், என் மனைவி, லைசென்ஸ். மூன்றாவது தடவையில் பாஸாம், முதல் இரண்டு தடவையும் காரைப் பின்னால் எடுத்துப் பார்க்கிங் பண்ணும் இடத்தில் கம்பை இடித்துவிட்டாளாம், மூன்றாவது தடவை இடிக்கவில்லையா என்றால் இடித்தாளாம், மெதுவாக இடித்தாளாம். எப்போது படித்தாய், எங்கே படித்தாய், எனக்குத் தெரியாமல் எப்படி... பின்னேரத்தில்தான், நீங்கள் வீட்ட வர முதல், என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தாள். மகன் யோகநாதன் ஜொகூரில் வேலை கிடைத்துப் போகும்போது போர்ட்டிக்கோவில் விட்டுப்போன அந்த நீல டட்சன், எனக்கும் ஓட்டத் தெரியாது, பூனை படுப்பதற்குத்தான் சரி என்று விற்கப் பார்த்தேனே, அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ஏழரைக்கு வீட்டுக்குப் போகிறவனுக்குப் போர்ட்டிக்கோவில் என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை மோரிப்புக்குப் போறன், என்றாள். கலியாணம் முடிச்ச புதுசில கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனீங்கள், அது இனிச் சரிவராது, நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன், நாலேகாலுக்கு உங்கட ஆபீஸ் வாசலுக்கு வருவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நான் தலையாட்டினேன், பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்று, 'வராட்டி நான் போயிடுவன், கண்டியளோ' என்றாள், அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், யோகநாதன் சின்ன வயதில் கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஒளிந்தபோது அதே சிரிப்போடு கட்டிலுக்குக் கீழேயிருந்து காலைப் பிடித்து இழுத்தாள். போவாள். தனியாகப் போவாள். போய்விட்டு வந்து கோபம்கூடப் படமாட்டாள், அடுத்த தடவை என்னைக் கூப்பிடமாட்டாள், அவ்வளவுதான், அந்த அவ்வளவுதானுக்குத்தான் எனக்குப் பயம்.

மணி அடித்துவிட்டது. சரி, ஒன்றும் பெரிய காரியம் இல்லை முத்துக்குமாரு, மெஷினுக்குப் போ, கார்டைப் பஞ்ச் செய், அப்படியே நேராக நட, மெஷினுக்குப் பக்கத்தில்தானே படிக்கட்டு, யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழும்பினேன். எனக்குப் பின்னால் கன்னையா, கன்னையாவுக்குப் பின்னால் மார்க்கிரட், எங்கள் எல்லாருக்கும் முன்னால் உர்சுலா, டக் என்று பஞ்ச் செய்துவிட்டு, 'பை அங்கிள்', மட்டை ஆடிக்கொண்டே படியிறங்கியது. என் முறை. டக். இப்போது நட... நடந்தேன், நன்றாகத்தான் நடந்தேன், கால் இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன, ஆனால் உட்கார்ந்து பைலைத் திறந்த பிறகுதான் தெரிகிறது, திரும்பி என் நாற்காலிக்கே வந்துவிட்டேன்! இதென்ன கால், இது என்னுடைய காலா அரசாங்கத்துடைய காலா? கன்னையாவும் உட்கார்ந்தாயிற்று, மார்க்கிரட்டும் உட்கார்ந்தாயிற்று, இப்போது மறுபடி எழும்பினால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், இரண்டு நிமிடம், ஒரே ஒரு இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழும்புகிறேன், அவள் இன்னும் வந்திருக்கமாட்டாள், வழியில் லோரிகள் அதிகம்...

வந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே ரவுண்டபவுட், ரவுண்டபவுட்டில் நீல டட்சன், ஆமை வேகத்தில், கண்ணாடிக்குள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இராசேஸ்வரி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பச்சைச் சேலை, பண்டிகைக்குக் கட்டுகிற சேலை அது. வாசலுக்கு நேரே வந்தாள், நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை, ஒரு சின்ன ஹாரன், அப்படியே வளைந்து மறுபடி ரவுண்டபவுட்டுக்குள் போய்விட்டாள். ஏன் நிறுத்தவில்லை? அட, போர்டு! வாசலில் இந்தப் பக்கம் முழுக்க நிற்கக்கூடாது என்று ஒரு போர்டு இருக்கிறதே, கார்கள் நின்று வழியை மறிக்கின்றன என்று கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி அந்தப் போர்டைப் போட வைத்தது யார், நான், சாலைப் பகுதி சீஃப் கிளார்க், எனக்கு டைரக்டர் கைகொடுத்துப் பாராட்டிய ஒரே காரியம் அது. எதிர்ப்பக்கம் பார்க்கிங் இருக்கிறது, ஆனால் காரைப் பின்னால் எடுத்து வைக்கவேண்டும், அவள் எப்படி வைப்பாள், வைத்தால் பக்கத்துக் காரின் கதி என்ன. சுற்றுகிறாள். இதோ மறுபடி வருகிறாள், ஹாரன், போகிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வியர்வையும் வருகிறது. கன்னையா குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறான், பாவம், நாலு பிள்ளைக்காரன், கடைசிப் பெண்ணுக்கு இன்றைக்குப் பிறந்தநாள் என்று காலையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தானே, அவனே உட்கார்ந்து வேலை செய்யும்போது நான் எழும்பிக் கடற்கரைக்குப் போவதா? மார்க்கிரட் என்னத்தையோ அடித்துக்கொண்டிருக்கிறாள், டைப் சத்தம் கேட்கிறது, இவர்கள் எல்லாம் இப்படி மாடாய் உழைக்கும்போது... இன்னொரு சுற்று. இந்தத் தடவை ஹாரன் கொஞ்சம் நீளம்.

கீழே பார்த்தால் உர்சுலா இன்னும் போகவில்லை, பஸ் நிற்குமிடத்தில் நின்று கார் சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறாள், கார் பக்கத்தில் வரும்போது இராசேஸ்வரி கண்ணாடியை இறக்கி என்னமோ கத்துகிறாள், உர்சுலா காதில் கைவைத்துக் கேட்கிறாள், கார் போய்விடுகிறது, அவள் அப்படியே காத்திருக்கிறாள், மறுபடி கார் வருகிறது, மறுபடி கத்தல், உர்சுலா பெரிதாகத் தலையாட்டுகிறாள், ரோட்டைக் கடக்கிறாள்... இங்கேதான் வருகிறாளா? நாலேகாலுக்குப் பிறகு இந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் காலை வைக்காதவள், படியேறி, மூச்சு வாங்க, கதவைத் தள்ளிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், 'அங்கிள்! மேல முத்துக்குமாருன்னு ஒருத்தர் இருக்கார்னு ஆன்டி ஒரு சுத்துல சொன்னாங்க. மிச்சத்த அடுத்த சுத்துல சொன்னாங்க. இன்னும் ஒரே ஒரு சுத்துதானாம், வரலன்னா மோரிப் போயிடுவாங்களாம்!'

டைப் சத்தம் நின்றது. கன்னையா ஜன்னலுக்கு ஓடினான், மார்க்கிரட் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். 'அண்ணே, அது நம்ம அண்ணியா? அண்ணி கார் ஓட்டுறாங்களா? எப்பலருந்துண்ணே?' என்று கன்னையா கேட்க, 'ஜீசஸ், சிக்னல் எல்லாம் அழகா போடுறாங்க பாரு' என்றாள் மார்க்கிரட். எனக்குக் காது சூடாகிவிட்டது, உர்சுலா என்னைப் பார்க்கிறாள், திங்கட்கிழமைப் பேச்சை இப்போது எடுப்பாள், எடுக்கட்டும், எடுக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அவள் எடுக்கவில்லை. மட்டையைக் கழற்றித் தன் மேசைமேல் வைத்தாள். 'அங்கிள், வேலை மிச்சம் இருந்தா குடுங்க. நான் இருந்து முடிச்சிட்டுப் போறேன்.' கேலியாகச் சொல்லவில்லை, உதட்டோரம் மட்டும் கொஞ்சம் கேலி இருந்தது. வேலை... ஆமாம், என் வேலை, குனிந்து மேசையைப் பார்த்தேன், பைல் திறந்திருக்கிறது, தேநீர் நேரத்துக்குப் பிறகு திறந்த அதே பைல், அதே பக்கம், மேலே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பைல் தட்டும் காலி. நேற்று? நேற்றும் இப்படித்தான் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்துவைத்திருந்தேன். 'ஒண்ணும் இல்லம்மா' என்றேன், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

எழும்பினேன். எழும்பியது நான் ஒருவன்தான் என்று நினைத்தேன், பின்னால் சரசரவென்று சத்தம், திரும்பிப் பார்த்தால் கன்னையாவின் தோளில் பை, கையில் ஹெல்மெட், மார்க்கிரட் கைப்பையை மாட்டி, செருப்பைக்கூட மாற்றிவிட்டாள், வீட்டுக்குப் போகிற செருப்பு. எப்போது எடுத்தார்கள், எப்போது மாற்றினார்கள், கண்மூடித் திறப்பதற்குள்? கன்னையாவின் மேசையில் திறந்துகிடந்த பைலுக்குள் தமிழ்ப் பேப்பர், ராசிபலன் பக்கம். 'கன்னையா, வேலை?' என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். 'அது மூணரைக்கே முடிஞ்சிடும்ண்ணே. நீங்க இருக்கீங்களே, எப்படி எழும்புறதுன்னு...' 'நீங்கள் எல்லாரும் இருக்கிறீங்கள் எண்டல்லோ நான் இருந்தன்!' என்று கத்தியேவிட்டேன், ஆபீசில் ஒரு நாளும் பேசாத வீட்டுத் தமிழ் தானாக வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது மார்க்கிரட்தான், 'அப்ப நான் இத்தன வருஷமா ஒரே லெட்டர திரும்பத் திரும்ப அடிச்சது...' என்று முடிக்கமுடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு கன்னையா, பிறகு நான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், எத்தனை பின்னேரங்கள் கடவுளே, எத்தனை பிள்ளைகளின் பிறந்தநாட்கள். சிவகுருநாதன் ஐயாவும் நாங்கள் எழும்பட்டும் என்றுதான் குடையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாரோ? உர்சுலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'சிரிக்கிறத அப்புறம் வெச்சுக்கலாம் லா அங்கிள், ஆன்டி திரும்புறாங்க, ஓடுங்க!' என்றாள்.

ஓடினேன். இந்தப் படிக்கட்டில் நான் ஓடியதே இல்லை, கீழே வாசலில் காவலிருக்கிற ஜாகா நாற்காலியை விட்டு எழும்பி என்ன தீயா என்று மலாயில் கேட்டான், இல்லை இல்லை, மனைவி என்றேன். கார் வருகிறது, நிற்கவில்லை, மெதுவாகிறது, கதவு உள்ளேயிருந்து திறக்கிறது, 'ஏறுங்கோ, ஏறுங்கோ, நிப்பாட்ட ஏலாது, பின்னால லோரி!' என்கிறாள், ஒரு காலை வைத்து, இன்னொரு காலால் ரோட்டைத் தட்டி, எப்படியோ விழுந்தமாதிரி ஏறிவிட்டேன், கதவைச் சாத்தினேன், என் போர்டு ஜன்னலுக்கு வெளியே பின்னால் போனது. மேலே ஜன்னலில் மூன்று தலைகள், கன்னையா ஹெல்மெட்டை ஆட்டுகிறான். 'நிறையச் சுத்திட்டியோ?' என்று கேட்டேன். 'நல்ல பிராக்டிஸ்' என்றாள், முகம் முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு. நெடுஞ்சாலையில் ஏறிக் கிள்ளான் பக்கம் திரும்பியதும் ஆள் மாறிவிட்டாள், முதுகு நிமிர்ந்துவிட்டது, கியரை மாற்றுகிற கையைப் பார்த்தேன், முறுக்குப் பிழிகிற அதே கை, இது எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வேலையையும் இத்தனை நன்றாகச் செய்கிறது. வெயில் இவ்வளவு இருக்கிறதே இந்த நேரத்தில், நான் வருகிற பஸ்ஸில் எப்போதும் இருட்டிவிடும், ரோட்டோரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ஒருத்தி துணி எடுக்கிறாள், எல்லாருக்கும் ஒரு பின்னேரம் இருக்கிறது.

இதே ரோட்டில் பஸ்ஸில் வரும்போது தினமும் நினைப்பேன், இராசேஸ்வரி கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பாவம் என்று. பாவம் என்று நினைக்கும்போதே ஒரு சின்னப் பெருமையும் வரும், எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் அல்லவா. ஏதோ உருள்கிற சத்தம் கேட்டுப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், ஒரு பிளாஸ்க், ஒரு பாய், கடற்கரையில் விரித்து உட்காருகிற மடக்குக் கதிரைகள் இரண்டு. ஒன்று புதிது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மற்றதன் துணி வெயிலில் வெளுத்து, ஒரு கால் துருப்பிடித்து, மடிப்பில் மணல், கையை வைத்தேன், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

'இது ஆற்ற கதிரை?'

'என்ர.'

'மணல் கிடக்குது.'

'கடற்கரையில மணல்தானே கிடக்கும்.' ஒரு லோரியை முந்திவிட்டு, மூச்சை விட்டு, அப்புறம் சொன்னாள், 'வெள்ளிக்கிழமையில பக்கத்து வீட்டுப் பூமணி அக்கான்ர கார்ல போவம். கன காலமாப் போறம். அங்க கச்சான் கடலை விக்கிற மனுசனுக்குக்கூட என்னைத் தெரியும்.'

'என்னட்டச் சொல்லவே இல்லையே.'

'சொல்லக் கூடாதெண்டு இல்ல. நீங்கள் ஏழரைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தா எப்ப சொல்லுறது?' கோபமே இல்லை, வெயில் நல்லாயிருக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

அப்படியென்றால் அவள் கேட்டடியில் நிற்கவில்லை. கன்னையா காத்திருந்தான், மார்க்கிரட் காத்திருந்தாள், நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன், உர்சுலா காத்திருக்கவில்லை, இவளும் காத்திருக்கவில்லை, நான் வெட்கப்படவேண்டுமா, கவலைப்படவேண்டுமா, எனக்கு ஏனோ பெரிய சந்தோஷமாக இருந்தது, பின்சீட்டில் இருக்கிற அந்தப் பழைய கதிரை இத்தனை நாளும் நன்றாக வெயில் காய்ந்திருக்கிறது, நல்லது, நல்லதுதானே... கூடவே எங்கேயோ கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

'அப்ப அந்தப் புதுக் கதிரை?'

'அது உங்கட.'

கையை நீட்டித் தொட்டேன். புதுக் கதிரையின் உறையில் விரல் பதிந்தது, அவ்வளவு தூசி, வாங்கிக் கன காலம் ஆகியிருக்கவேண்டும். இதை எப்போது வாங்கினாய் என்று கேட்க வாயெடுத்தேன், சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது, அவள் பிரேக்கை மிதித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பச்சைக்காகப் பார்த்திருந்தாள். விளக்கு மாறியது. விரலில் இருந்த தூசியைத் துடைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.